பூட் ஆகலையா? பென்டிரைவ் மேல பழி போடாதீங்க!

ஹாஸ்டல்ல எந்த ஃப்ளோருக்குப் போனாலும் ஒரு "லினக்ஸ் பென்டிரைவ்" இருக்கும். அது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. மூடி எப்பவோ தொலைஞ்சு போயிருக்கும். யாரோ ஒருத்தர் லேப்டாப் விண்டோஸ் அப்டேட்ல மாட்டிக்கிட்டா, இல்ல ப்ராஜெக்டுக்கு உபுண்டு வேணும்னு கைடு சொல்லிட்டா, அந்தப் பென்டிரைவ் ரூம் ரூமா சுத்த ஆரம்பிக்கும்.

பூட் ஆயிடுச்சுன்னா பிரச்சினை இல்ல. ஆகலன்னா சுத்தி நிக்கிறவங்க கிட்ட இருந்து உடனே மூணு தீர்ப்பு வரும். ஒண்ணு, "பென்டிரைவ் போச்சுடா." ரெண்டு, "லினக்ஸ்னாலே இப்படித்தான்." மூணாவது, ரொம்ப நம்பிக்கையோட வரும்: "பயாஸ்ல போய் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு மச்சான், எல்லாம் சரியாயிடும்."

இந்த மூணுமே பெரும்பாலான நேரம் தப்பு. மூணாவது தப்பு மட்டுமில்ல, ஆபத்தும் கூட. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, ஒரு மெஷின் ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு வரிசையா யோசிச்சுக் கண்டுபிடிக்க நம்மால முடியலன்னா, குறை பென்டிரைவ்ல இல்ல, நமக்குப் பாடம் வந்து சேர்ற விதத்துல இருக்கு. இதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

இப்ப ஏன் இதைப் பேசணும்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பதிவு செஞ்சுக்கிட்ட வீட்டுக் கணினிகளுக்கு அதுக்கப்புறம் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட்னு அப்ப அறிவிச்சாங்க. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கலாம்னா அதுக்கு டி.பி.எம். 2.0 வேணும், 4 ஜி.பி. ராம் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது அதுக்கு மேல இருக்கணும். நல்லா ஓடிட்டு இருக்கிற எத்தனையோ லேப்டாப் இந்த வரிசைக்கு வெளியே நிக்குது.

இதுக்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்? பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, எந்தப் பக்கம் வேணா போய்ப் பாருங்க. பல வீடுகள்ல பீரோ மேல துணியில சுத்தி ஒரு லேப்டாப் இருக்கும். அக்காவோ அண்ணனோ பன்னிரண்டாவது படிக்கும்போது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல வந்த மெஷின்கள் அவை. அந்த வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர், பல நேரம் ஒரே கம்ப்யூட்டர். பேட்டரி செத்துப் போயிருக்கலாம். விண்டோஸ் ஓப்பன் ஆக பத்து நிமிஷம் ஆகலாம். ஆனா ஸ்க்ரீன், கீபோர்டு, பிராசசர் எல்லாம் உயிரோடதான் இருக்கு.

அந்த லேப்டாப்கள்ல ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிச்சிருக்க மாட்டீங்க. முதல்ல வந்த மெஷின்கள்லயே ஆன் பண்ணினா ரெண்டு பேர் காட்டும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ். பாஸ்னா பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னையில இருக்கிற சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கி 2007ல வெளியிட்டது. தமிழ்லயும் வேலை செய்யும். அதாவது, நம்ம ஊர்ப் பிள்ளைங்க கையில அரசே ஒரு லினக்ஸைக் கொடுத்திருந்துச்சு. அந்த ரெண்டாவது பேரை அழுத்தினா என்ன வரும்னு மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கல. பாதிப் பேர் அதை வைரஸ்னு நெனச்சு அழிச்சாங்க.

இப்ப மறுபடியும் லேப்டாப் வருது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல கைக்கணினி அல்லது மடிக்கணினின்னு 2025-26 பட்ஜெட்ல அரசு அறிவிச்சது. புது மெஷின் வர்றது சந்தோஷம்தான். ஆனா பழைய மெஷினை ஒரு பென்டிரைவ்ல இருந்து எழுப்பத் தெரிஞ்சா, அதே வீட்டுல பத்தாவது படிக்கிற தம்பிக்கும் ஒண்ணு கிடைக்கும். 4 ஜி.பி. ராம்ல விண்டோஸ் திணறுற இடத்துல லினக்ஸ் மிண்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ, பப்பி லினக்ஸோ, பாஸோ நிம்மதியா ஓடும். இன்ஸ்டால் கூட பண்ண வேண்டியதில்ல. பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

பூட் ஆனா தான் இதெல்லாம்.

போர் மோட்டார் கதைதான் இதுவும்

நம்ம ஊர்ல போர் மோட்டார் ஓடலன்னா தோட்டத்துல என்ன பண்ணுவாங்க? எடுத்த எடுப்புல மோட்டாரை மேல இழுக்க மாட்டாங்க. அது பெரிய செலவுன்னு தெரியும். முதல்ல கரண்டு வருதா? மூணு ஃபேஸும் இருக்கா? ஃபியூஸ் போயிருக்கா? ஸ்டார்ட்டர் இழுக்குதா? இழுத்துட்டு விடுதா? சத்தம் வருது, தண்ணி வரலையா? இப்படி போஸ்ட்டுல இருந்து ஒவ்வொரு படியா இறங்கி வருவாங்க. எந்தப் படியில நிக்குதோ அங்கதான் கோளாறு. பத்தாவதே படிக்காத பெரியப்பாக்கள் தினமும் செய்யற வேலை இது.

அதே பெரியப்பா வீட்டு இன்ஜினியரிங் பையன், பென்டிரைவ் பூட் ஆகலன்னா அதையே நாலு தடவை ஃபார்மேட் பண்ணி நாலு தடவை எழுதுவான். நாலாவது தடவையும் அதே இடத்துலதான் நிக்கும்.

பென்டிரைவ்ல இருந்து ஒரு ஓ.எஸ். எழுந்து வர்றதும் படிப்படியான வேலைதான். அஞ்சு படின்னு வெச்சுக்கலாம். ஒவ்வொரு படியிலயும் நின்னா திரையில தெரியறது வேற வேற. அதை வெச்சே இடத்தைப் பிடிச்சிடலாம்.

படி 1: பென்டிரைவ்ல இருக்கிறது சரியா?

ஐ.எஸ்.ஓ. ஃபைலை டவுன்லோடு பண்ணி, பாட்டு காப்பி பண்ற மாதிரி பென்டிரைவ்ல போட்டா பூட் ஆகாது. ஐ.எஸ்.ஓ.ங்கிறது ஒரு முழு டிஸ்க்கோட நகல். அதை ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு டூல் வெச்சு பென்டிரைவ்ல எழுதணும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு. அதை பென்டிரைவ்ல ஒரு தடவை போட்டுட்டா, அப்புறம் ஐ.எஸ்.ஓ. ஃபைல்களை அப்படியே காப்பி பண்ணிக்கலாம்.

அடுத்தது, டவுன்லோடு முழுசா வந்துச்சா? மொபைல் டேட்டாவுல ராத்திரி முழுக்க ரெண்டு மூணு ஜி.பி. இறக்கறோம். நடுவுல டவர் போயிட்டு வந்திருக்கும். ஒவ்வொரு லினக்ஸ் தளத்துலயும் அந்த ஃபைலுக்கான ஷா-256 மதிப்பு, 64 எழுத்து நீளத்துல கொடுத்திருப்பாங்க. விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கமாண்டு இருக்கு. அதுல நம்ம ஃபைலோட மதிப்பைக் கணக்குப் போட்டு ரெண்டும் ஒண்ணான்னு பார்த்தா போதும். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் கெட்டது. இந்த ரெண்டு நிமிஷ வேலையைச் செய்யாமத்தான் ஒரு ராத்திரி போகுது.

மூணாவது, பென்டிரைவே போலியா இருக்கலாம். மேல 128 ஜி.பி.ன்னு எழுதியிருக்கும், உள்ள 8 ஜி.பி. கூட இருக்காது. விலை நம்ப முடியாத அளவுக்குக் கம்மின்னா சந்தேகப்படுங்க. முழுசா எழுதி, திரும்பப் படிச்சு சோதிக்கிற எஃப்3 மாதிரி இலவச டூல் இருக்கு.

இன்னொண்ணு. லினக்ஸை எழுதின பென்டிரைவை விண்டோஸ்ல சொருகினா, "ஃபார்மேட் பண்ணணும், பண்ணட்டுமா?"ன்னு கேட்கலாம். 32 ஜி.பி. பென்டிரைவ் சில எம்.பி.தான்னு காட்டலாம். பென்டிரைவ் கெடல. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸால படிக்க முடியல, அவ்வளவுதான். அங்க "ஓகே" அழுத்தினா எழுதினது போச்சு. "பென்டிரைவ் போச்சுடா"ங்கிற தீர்ப்புல நிறைய இங்கதான் பிறக்குது.

படி 2: மெஷினுக்கு பென்டிரைவ் தெரியுதா?

ஆன் பண்ணினதும் லேப்டாப் நேரா விண்டோஸுக்குப் போயிடுச்சுன்னா, பென்டிரைவை அது ஏறெடுத்துக்கூடப் பார்க்கல. பூட் மெனு கீயை அழுத்தணும். லெனோவோ, டெல், ஏசர்ல பெரும்பாலும் எஃப்12. ஹெச்.பி.யில எஃப்9 அல்லது எஸ்கேப். சில ஏசர்ல பயாஸுக்குள்ள போய் எஃப்12 மெனுவை முதல்ல ஆன் பண்ணணும்.

கீயை அழுத்தியும் ஒண்ணும் வரலையா? விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமா இருக்கலாம். ஷட் டவுன் பண்ணினாலும் மெஷின் முழுசாத் தூங்கறதில்ல, பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தா வர்ற மெனுவுல "யூஸ் எ டிவைஸ்"னு இருக்கும். அங்கயே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் படியில இன்னொரு சிக்கல், பழைய முறைக்கும் புது முறைக்கும் நடுவுல. 1981ல வந்த ஐ.பி.எம். பி.சி. காலத்து பயாஸ் முறையில, மெஷின் டிஸ்க்கோட முதல் 512 பைட்டைப் படிச்சு அதை ஓட்டும். இப்ப இருக்கிற யூ.இ.எஃப்.ஐ. முறையில, ஃபேட் வகை பார்ட்டிஷனுக்குள்ள குறிப்பிட்ட ஃபோல்டர்ல குறிப்பிட்ட பேர்ல ஒரு ஃபைலைத் தேடும். ஒரு முறைக்காக மட்டும் எழுதின பென்டிரைவ் இன்னொரு முறையில இருக்கிற மெஷினுக்குக் கண்ணுக்கே தெரியாது.

எங்க சித்தி பொண்ணு பென்னாகரம் பக்கம் படிக்கும்போது வாங்கின அரசு லேப்டாப்ல இதைப் பார்த்தேன். பென்டிரைவ் என் மெஷின்ல பூட் ஆகுது, அதுல ஆகல. கருப்புத் திரையில ஒரு கோடு மட்டும் மினுக்கிட்டு இருக்கு. பூட் மெனுவை நிதானமாப் படிச்சா, அதே பென்டிரைவோட பேர் ரெண்டு தடவை இருந்துச்சு. ஒண்ணு வெறும் பேர். இன்னொண்ணுக்கு முன்னாடி யூ.இ.எஃப்.ஐ.ன்னு போட்டிருந்துச்சு. ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் மிண்ட் வந்து நின்னுச்சு. எதையும் திரும்ப எழுதல, எந்த செட்டிங்கையும் மாத்தல. இப்ப அந்த லேப்டாப்ல அவ தம்பி தமிழ்99ல டைப் பண்ணப் பழகறான்.

படி 3: கையெழுத்து சரியா?

பென்டிரைவ் தெரியுது, தேர்ந்தெடுத்ததும் சிவப்புப் பெட்டியோ நீலத் திரையோ வந்து "செக்யூரிட்டி வயலேஷன்"னு சொல்லுதுன்னா, நீங்க செக்யூர் பூட் வாசல்ல நிக்கறீங்க.

2012ல விண்டோஸ் 8 கூட பரவலா வந்த விஷயம் இது. மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற புரோகிராம்ல நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு ஃபர்ம்வேர் பார்க்கும். இல்லன்னா ஓட விடாது. ஓ.எஸ்.க்கு முன்னாடியே நுழையற வைரஸைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் "ஷிம்"னு ஒரு சின்ன புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்ட் கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க. அதனால இந்த மாதிரிப் பெரிய டிஸ்ட்ரோக்களோட சமீபத்திய பதிப்பு, செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே பூட் ஆகும்.

"சமீபத்திய"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. 2024 ஆகஸ்ட் 13 அன்னைக்கு வந்த விண்டோஸ் அப்டேட் ஒண்ணு, பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய பூட்லோடர்களைத் தடை பண்ணிச்சு. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிற மெஷின்கள்ல இது வேலை செய்யாதுன்னு சொல்லியிருந்தாங்க. செஞ்சிருச்சு. உலகம் முழுக்க நிறைய பேருக்கு மறுநாள் காலையில லினக்ஸ் வரல. "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்"னு ஒரு வரிதான் வந்துச்சு. நேத்து வரைக்கும் ஓடின லைவ் பென்டிரைவ்களும் நின்னு போச்சு. மைக்ரோசாஃப்ட் அதை முழுசா சரி பண்ண 2025 மே மாசம் ஆச்சு. ஹாஸ்டல்ல சுத்துற மூடி இல்லாத பென்டிரைவ் ரெண்டு வருஷம் பழசுன்னா இதுவே காரணமா இருக்கலாம். புது ஐ.எஸ்.ஓ. இறக்கி எழுதினா முடிஞ்சது.

வென்டாய் பயன்படுத்தறவங்களுக்கு முதல் தடவை ஒரு நீலத் திரை வரும். பயப்பட வேண்டாம். "என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்"னு போய், அது காட்டுற சாவி ஃபைலைத் தேர்ந்தெடுத்தா அந்த மெஷினுக்கு அடுத்த தடவைல இருந்து கேட்காது.

படி 4, படி 5: உள்ள வந்த பிறகு

மெனு வந்துச்சு, "ட்ரை" கொடுத்ததும் திரை கருப்பாயிடுச்சா? அப்ப பென்டிரைவ், பயாஸ், கையெழுத்து எல்லாமே பாஸ். கர்னல் எழுந்துடுச்சு, கிராஃபிக்ஸ் கார்டு கூடத்தான் தகராறு. என்விடியா கார்டு இருக்கிற கேமிங் லேப்டாப்ல இது சகஜம். மெனுவுல "சேஃப் கிராஃபிக்ஸ்"னு இருந்தா அதைக் கொடுங்க. இல்லன்னா மெனுவுல 'இ' எழுத்தை அழுத்தி, "லினக்ஸ்"னு தொடங்குற வரியோட கடைசியில "நோமோட்செட்"ங்கிற வார்த்தையைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்க.

லோகோ வரைக்கும் வந்துட்டு, "லைவ் ஃபைல் சிஸ்டம் இருக்கிற மீடியத்தைக் காணோம்"ங்கிற மாதிரி சொல்லிட்டு இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு கட்டளை வரியில நின்னா, அது அஞ்சாவது படி. கொஞ்ச நேரம் முன்னாடி எந்த பென்டிரைவ்ல இருந்து கர்னலைப் படிச்சுதோ, அதே பென்டிரைவ் இப்ப தெரியல. வேற போர்ட்ல சொருகிப் பாருங்க, முடிஞ்சா யு.எஸ்.பி. 2 போர்ட்ல. ஹப் வழியா சொருகாதீங்க. அதுக்கும் மசியலன்னா, ஃபைல் கெட்டிருக்கலாம். படி 1க்குத் திரும்பிப் போங்க.

இவ்வளவுதான். அஞ்சு படியையும் ஒரு ஏ4 தாள்ல எழுதி லேப் சுவத்துல ஒட்டிடலாம்.

"செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு" ஏன் மோசமான அறிவுரை?

இங்க சீனியர்ஸ் சில பேர் என் கூட ஒத்துப் போக மாட்டாங்க. "நாங்க எல்லாம் ஆஃப் பண்ணித்தான் போட்டோம், ஒண்ணும் ஆகல"ம்பாங்க. அவங்க காலத்து லேப்டாப்ல ஆகியிருக்காது. இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப் பலதுல டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகி வருது. அந்த பிட்லாக்கர் சாவி, மெஷினோட பூட் செட்டிங் மாறாம இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பூட்டைத் திறக்கும். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினா, "யாரோ என்னமோ பண்றாங்க"ன்னு அதுக்குத் தோணும். அடுத்த தடவை விண்டோஸ் ஓப்பன் பண்ணும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும்.

அந்தக் கீ எங்க இருக்கும்? லேப்டாப்பை முதல் தடவை செட்டப் பண்ணின மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல. அதை யார் செட்டப் பண்ணினாங்க? கடைக்காரர். எந்த மெயில் ஐ.டி.யில? ஞாபகம் இல்ல. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி இந்தக் கேள்விகளோட ஒருத்தன் படிக்கட்டுல உட்கார்ந்திருந்ததை எங்க ப்ளாக்ல எல்லாரும் பார்த்தோம். செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் பண்ணிப் பார்த்ததுல அவனுக்கு விண்டோஸ் திறந்துச்சு. எல்லாருக்கும் அப்படித் திறக்கும்னு உறுதி இல்ல.

செக்யூர் பூட்டைத் தொடவே கூடாதுன்னு நான் சொல்லல. கையெழுத்தே இல்லாத சின்ன டிஸ்ட்ரோ எதையாவது ஓட்டணும்னா ஆஃப் பண்ணித்தான் ஆகணும். மெஷின் உங்களோடது, அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனா அது கடைசி வேலையா இருக்கணும். அதுக்கு முன்னாடி ரெகவரி கீயை எழுதி வெச்சிருக்கணும், முக்கியமான ஃபைல் வேற இடத்துல இருக்கணும். இரண்டாவது படியில நிக்கிற கோளாறுக்கு மூணாவது படியில இருக்கிற பாதுகாப்பைக் கழட்டறது, ஃபியூஸ் போனதுக்கு மோட்டாரை மேல இழுக்கிற கதைதான்.

சிலபஸ்ல முதல் எக்சர்சைஸே இதுதானே!

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தோட லேப் பட்டியலை எடுத்துப் பாருங்க. முதல் எக்சர்சைஸ் விண்டோஸ் இன்ஸ்டால் பண்றது. கடைசி எக்சர்சைஸ் விஎம்வேர்ல லினக்ஸ் மாதிரி ஒரு ஓ.எஸ். போடறது. சிலபஸ் எழுதினவங்க மறக்கல. ஆனா நிறைய காலேஜ்ல இந்த ரெண்டும் எப்படி நடக்குதுன்னு படிக்கிற நமக்கே தெரியும். நெட்ல இருந்து ஸ்க்ரீன்ஷாட், ரெக்கார்டு நோட்டுல அல்காரிதம், கீழ "தஸ் தி ப்ரோக்ராம் வாஸ் எக்சிக்யூட்டட் சக்சஸ்ஃபுல்லி." எந்த மெஷினும் ஆஃப் ஆகி ஆன் ஆனதில்ல.

லேப் ஸ்டாஃப் பக்கமும் நியாயம் இருக்கு. அறுபது பேரை விட்டு லேப் மெஷின்ல ஓ.எஸ். போட விட்டா, மறுநாள் ஆன்லைன் எக்ஸாம் நடத்த மெஷின் இருக்காது. அதனாலதான் லைவ் பென்டிரைவ் சரியான வழின்னு சொல்றேன். ஹார்டு டிஸ்க்கைத் தொடாம, பென்டிரைவ்ல இருந்தே முழு ஓ.எஸ். ஓடும். "இன்ஸ்டால்" ஐகானைத் தொடாத வரைக்கும், பென்டிரைவைப் பிடுங்கினா மெஷின் பழையபடி.

என் யோசனை இது. ரெண்டு பீரியட். நாலு பென்டிரைவ். ஒண்ணுல ஐ.எஸ்.ஓ.வை வெறும் காப்பி மட்டும் பண்ணி வைங்க. இன்னொண்ணுல அரைகுறையா இறங்கின ஃபைலை எழுதி வைங்க. மூணாவதை யூ.இ.எஃப்.ஐ.க்கு மட்டும் எழுதி, பழைய பயாஸ் முறையில இருக்கிற மெஷின்ல சொருகக் கொடுங்க. நாலாவதுல கையெழுத்து இல்லாத ஒரு பூட்லோடர். ஒவ்வொரு பேட்சும் எந்த பென்டிரைவ் எந்தப் படியில நின்னுச்சு, அதை எதை வெச்சுக் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதணும். அதுதான் ரெக்கார்டு. மார்க் அந்த விளக்கத்துக்கு. பூட் ஆச்சா இல்லையாங்கிறதுக்கு மார்க் இல்ல. ரெடிமேட் ஸ்க்ரீன்ஷாட் எதுவும் இங்க உதவாது.

பக்கத்து மாநிலமான கேரளாவுல இது பள்ளிக்கூடத்துலயே ஆரம்பிக்குது. அங்க அரசுப் பள்ளிகள்ல கைட் நிறுவனம் தயாரிக்கிற, உபுண்டுவை அடிப்படையாக் கொண்ட லினக்ஸ்தான் ஓடுது. "லிட்டில் கைட்ஸ்"னு ஹைஸ்கூல் பசங்களுக்கே ஐ.டி. கிளப் இருக்கு. ஹார்டுவேர் பயிற்சியும் அதுல உண்டு. நம்ம பக்கமும் ஆள் இல்லாம இல்ல. சென்னையில ஐலக்சி பல வருஷமா கூடுது. காஞ்சிலக் ஞாயித்துக்கிழமைகள்ல ஆன்லைன்ல, தமிழ்லயே பேசறாங்க. மொரப்பூர்ல ட்ரெயின் ஏற வேண்டியதில்ல, ஹாஸ்டல் வைஃபை போதும்.

எதிர்க்கேள்விகள்

"விஎம்ல பண்ணிட்டோமே, போதாதா?" போதாது. விஎம்ல எல்லாம் சரியா அமைஞ்ச ஒரு மெஷின் கிடைக்குது. பூட் மெனு கீ, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கெட்டுப்போன போர்ட்னு எதுவும் அங்க இல்ல. 4 ஜி.பி. ராம் லேப்டாப்ல விஎம் மூச்சு விடவும் முடியாது.

"கடையில கொடுத்தா போட்டுத் தர்றாங்களே?" தர்றாங்க. எந்த விண்டோஸ், எங்க இருந்து வந்த கிராக், உள்ள என்ன இருக்குன்னு நீங்க கேட்க மாட்டீங்க, அவங்களும் சொல்ல மாட்டாங்க. பார்ட்ஸ் போச்சுன்னா கடைக்கோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ போகத்தான் வேணும். ஓ.எஸ்.க்காக ஏன் போகணும்?

"நான் மெக்கானிக்கல், சிவில். எனக்கு எதுக்கு?" உங்க வீட்டுலயும் பீரோ மேல ஒரு லேப்டாப் இருக்கும். அதை விட முக்கியம், வரிசையா சோதிச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்கிறது எந்த பிராஞ்சோட சொத்தும் இல்ல. ட்ரிபிள்ஈ பசங்க மல்டிமீட்டர் வெச்சு கன்டினியூட்டி பார்க்கிறதும் இதுதான்.

"பிளேஸ்மெண்ட்ல இதைக் கேட்க மாட்டாங்க." நேரடியா கேட்க மாட்டாங்கதான். ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், "சர்வர் வரல, என்னன்னு பாரு"ன்னு ஒருத்தர் சொல்லுவார். அன்னைக்கு, "சார், செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டா நல்லா இருக்காது.

செய்யலாமா?

டிபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு ஒரு வேண்டுகோள். சிம்போசியத்துக்கு இன்னும் ஒரு பேப்பர் ப்ரெசன்டேஷன் வேண்டாம். மாசம் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு லேப்பைத் திறந்து கொடுங்க. வீட்டுல சும்மா கிடக்கிற லேப்டாப்பை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. சார்ஜர் மறக்க வேண்டாம், அந்த பேட்டரி நிச்சயமா செத்திருக்கும். உள்ள இருக்கிற கல்யாண போட்டோ எல்லாத்தையும் முதல்ல லைவ் பென்டிரைவ் வழியா வெளிய எடுத்துக் கொடுத்துடுவோம். அது ஒண்ணுக்காகவே அம்மாக்கள் நம்மை வாழ்த்துவாங்க. அப்புறம் அவங்க சம்மதிச்சா லினக்ஸ் போடலாம். சம்மதிக்கலன்னா போட்டோவோட வீட்டுக்குப் போகட்டும்.

இறுதியாண்டு பசங்க நாங்க ஏப்ரல்ல கிளம்பிடுவோம். போறதுக்குள்ள ரெண்டு சனிக்கிழமை வந்து நிக்கத் தயார். ஜூனியர்ஸ் பெயர் கொடுங்க.

அது வரைக்கும் ஒண்ணு மட்டும் பழகிக்கோங்க. அடுத்த தடவை பென்டிரைவ் பூட் ஆகலன்னா, திரையில கடைசியா என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் யார்கிட்ட வேணா கேளுங்க. "பூட் ஆகல"ன்னு சொன்னா யாராலயும் உதவ முடியாது. "லோகோ வந்து, அதுக்கப்புறம் நின்னுச்சு"ன்னு சொன்னா, பாதி வேலை முடிஞ்ச மாதிரி.